பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள் பட்டம் பெற இரண்டு வழிகள்: சேரும் முன் அறிய வேண்டியவை

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு வேலைக்கோ குடும்பப் பொறுப்புக்கோ போனவர்கள், முப்பது நாற்பது வயதில் ஒரு பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று நினைக்கும்போது அவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பிளஸ் டூ தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறிவிட்டு, பிறகு தொலைநிலைக் கல்வியில் பட்டப் படிப்பில் சேர்வது ஒன்று. பிளஸ் டூ இல்லாமலே, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் ஆயத்தப் படிப்பை முடித்து நேராகப் பட்டப் படிப்புக்குப் போவது மற்றொன்று.

1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆயத்தப் படிப்பில், 18 வயது நிறைந்தவர்கள் பள்ளிச் சான்றிதழ் எதுவும் இல்லாமலே சேரலாம். குறைந்தது ஆறு மாதப் படிப்பு இது. கணிதம், சமூக அறிவியல், வணிகவியல் ஆகிய மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்துப் படித்து, கொள்குறி வகை வினாக்களுக்கு ஓ.எம்.ஆர். தாளில் வட்டங்களை நிரப்பி விடையளிக்க வேண்டும். படிப்பு விட்டுப்போய் இருபது ஆண்டு ஆன ஒருவருக்கு இது பெரிய திறப்பு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இந்த ஆயத்தப் படிப்பு பிளஸ் டூவுக்கு இணையானது அல்ல. அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பில் சேர்வதற்கான தகுதி மட்டுமே.

தமிழ்நாடு அரசுப் பணிக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 18.8.2009 அன்று வெளியிட்ட 107-ஆம் எண் அரசாணையின்படி, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் அரசுப் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படுவதில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அல்லது மூன்றாண்டுப் பட்டயம் (டிப்ளமோ), அதன் பிறகு பட்டம் என்ற வரிசை பார்க்கப்படுகிறது. பட்டத்தை முதலில் வாங்கிவிட்டுப் பிளஸ் டூவைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால், மேசைமேல் வைக்கும் சான்றிதழ்களின் தேதிகளே வரிசை மாறியிருப்பதைக் காட்டிவிடும்.

தொலைநிலைக் கல்வி என்பதற்காகவே பட்டம் மதிப்புக் குறைந்தது என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. முறையான அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆகவே அரசு வேலை குறிக்கோள் என்றால், கூடுதல் காலம் ஆனாலும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பிளஸ் டூவை முதலில் எழுதிவிடுவதே என் உறுதியான பரிந்துரை. தனியார் நிறுவனத்தில் பதவி உயர்வோ சொந்த மனநிறைவோ நோக்கம் என்றால், நிறுவனம் அந்தப் பட்டத்தை ஏற்குமா என்று கேட்டுக்கொண்டு ஆயத்தப் படிப்பில் தாராளமாகச் சேரலாம்.

எந்த வழியானாலும், பணம் கட்டும் முன் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பும் சேரும் கல்வியாண்டும் அதில் இருக்க வேண்டும். பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியர் படிப்பு போன்றவற்றுக்குத் தொலைநிலையில் அனுமதியே கிடையாது. தமிழ் வழியில் படிக்க விரும்புவோர் 2002-இல் தொடங்கப்பட்ட, சென்னை சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளையும் பார்க்கலாம்.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். தொலைநிலைக் கல்வியில் ஒரு மதிப்பலகு (கிரெடிட்) என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆறு மதிப்பலகு கொண்ட ஒரு தாளுக்கு 180 மணி நேரம், அதாவது ஆறு மாதத்துக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம். ஒப்படைப்புகளை (வீட்டிலிருந்தே எழுதித் தரும் பயிற்சிக் கட்டுரைகளை) உரிய தேதிக்குள் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்த மதிப்பெண் பதிவாகாமல், இறுதித் தேர்வை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அந்தத் தாள் முடிந்ததாகக் கணக்கில் வராது.