ஸ்ட்ரோமா: தமிழில் என்ன சொல்லலாம்?

வாய்ப்புற்று எப்படிப் பரவுகிறது என்று படிக்கப் போனால் 'ஸ்ட்ரோமல் செல்' என்ற சொல் வந்து நிற்கும். ஸ்ட்ரோமா கிரேக்கச் சொல். விரித்துப் படுக்கிற பொருள், அதாவது மெத்தை, விரிப்பு. ஓர் உறுப்பின் முக்கிய வேலையைச் செய்கிற செல்கள் தனி. அவற்றைத் தாங்கிக் கிடக்கிற கொலாஜன் நார், ரத்தக்குழாய், அந்த நாரை உண்டாக்குகிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் சேர்ந்தது ஸ்ட்ரோமா. இலையின் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் ஸ்ட்ரோமா வேறு, அது நொதிகள் கலந்த திரவம்.

மெத்தை என்றதும் சும்மா கிடக்கிற பொருள் என்று தோன்றும், சிக்கலே அங்கேதான். வாய்ப்புற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் செதிள் செல் புற்று, அதாவது செதிள் போலத் தட்டையான செல்களில் வருவது. வாயின் மேல்படலத்தில் தொடங்கி, அதற்கு அடியில் இருக்கும் அடித்தளச் சவ்வைத் துளைத்துக்கொண்டு ஸ்ட்ரோமாவுக்குள் இறங்குகிறது. இறங்கிய புற்றுச்செல்கள் விடுகிற டிஜிஎஃப் பீட்டா போன்ற புரதங்களால் அங்கிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் குணம் மாறி, பாதி தசைச்செல் போலச் சுருங்கி இழுக்க ஆரம்பிக்கின்றன. காயம் ஆறும்போதும் இதே வேலைதான் நடக்கும், ஆனால் புண் மூடியதும் நின்றுவிடும், இங்கே நிற்பதில்லை. நார்களை இழுத்து வரிசைப்படுத்தி, நொதிகளை விட்டு வழி வெட்டி, வளர்ச்சிக் காரணிகளையும் ஊட்டிவிடுகின்றன. புற்றுச்செல் அந்த வழியே நிணநீர்க்குழாய்க்குள் புகுந்து கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேர்கிறது. புற்று விதை என்றால் அது விழும் இடம் மண் என்று ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889லேயே எழுதினார், அவர் பார்த்தது மார்பகப் புற்றை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இணைப்புத்திசு' ஏற்கெனவே கனெக்டிவ் டிஷ்யூவுக்குப் பெயர். 'தாங்குதிசு' தப்பில்லை, ஆனால் தூண் மாதிரி அசையாமல் நிற்கிறது. எனக்குப் பிடித்தது 'அணைத்திசு'. அணை என்றால் படுக்கை, கிரேக்கச் சொல்லின் பொருளே அதுதான், முட்டுக்கொடுப்பதும் அணைதான், தழுவிக்கொள்வதும் அணைப்பதுதான், புற்றுச்செல்லை இந்தச் செல்கள் செய்வது கிட்டத்தட்ட அது. அப்படியானால் ஸ்ட்ரோமல் செல், அணைத்திசுச் செல். அணை என்றால் நீர்த்தேக்கம்தானே நினைவுக்கு வரும் என்பீர்கள். பஞ்சணை என்று கேட்டால் யாருக்கும் தண்ணீர் நினைவுக்கு வருவதில்லையே.