கண்டென்சர்: தமிழில் மின்தேக்கி

மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் அந்தச் சிறு பாகத்தை, மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் 'கெப்பாசிட்டர்' என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய வால்வு ரேடியோ பார்க்கும் மெக்கானிக்கின் வாயில் வருவது கண்டென்சர்தான். மின்விசிறி சுற்றாவிட்டால் எலக்ட்ரீசியனும் "கண்டென்சர் போயிருச்சு" என்பார்.

இதைப் பிழை என்று சொல்ல முடியாது. பழைய சொல், அவ்வளவுதான். இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா 1782-இல் பயன்படுத்திய பெயரிலிருந்து வந்தது. மின்சாரத்தை ஒருவகைப் பாய்மமாக நினைத்த காலம் அது. அதை நெருக்கி அடர்த்தியாக்கும் கருவி என்று பொருள். இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் கெப்பாசிட்டருக்கு மாறிவிட்டது, நம் பட்டறைகள் மாறவில்லை. ஃப்ரிட்ஜில் இருக்கும் கண்டென்சர் வேறு சமாசாரம். அங்கே வாயு குளிர்ந்து திரவமாகிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது மின்தேக்கி. இலங்கையில் கொள்ளளவி என்பார்கள். கெப்பாசிட்டருக்கு அதுதான் நேர்ச்சொல். இருந்தாலும் என் ஓட்டு மின்தேக்கிக்கே. வைகை அணையில் நிற்பதை நீர்த்தேக்கம் என்று சொல்லும் ஊரில் இதற்கு விளக்கமே வேண்டாம். இன்னொரு வசதி, தேக்கம் என்றதுமே கசிவு என்ற சொல்லும் கூட வந்துவிடுகிறது. மெக்கானிக் 'லீக்' என்பது அதைத்தான். வால்வு ரேடியோவில் காகித மின்தேக்கிக்கு வரும் முதல் நோயும் அதுவே.

இந்தக் கசிவு, வோல்ட்டும் மின்தடையும் அளக்கும் மல்டிமீட்டருக்குப் பெரும்பாலும் அகப்படாது. மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான்; கசிவு வெளிப்படுவதோ 200 வோல்ட்டுக்கு மேல். மின்தேக்கியைக் கழற்றாமல் மீட்டரை வைத்தால், பக்கத்தில் இணையாக நிற்கும் மின்தடையும் (ரெசிஸ்டர்) சேர்ந்து குழப்பும். அதன் கம்பிக் கால்களில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுப் பார்ப்பது அதனால்தான். ஆனால் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிடுக்கு, அதாவது சிக்னல் நுழையும் முனைக்கு, முந்தைய வால்விலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கண்டென்சரை, செட் ஓடும்போதே சோதிப்பது நல்லது. கிரிட் முனையில் 0 வோல்ட் அல்லது சற்று மைனஸ் காட்ட வேண்டும். பிளஸ்ஸில் ஏறினால் கசிவு என்று சந்தேகப்படலாம். வால்வே கெட்டிருந்தாலும் இப்படிக் காட்டும். அப்போது மின்தேக்கியின் கிரிட் பக்கக் காலை மட்டும் விடுவித்து, அந்தக் காலில் வோல்ட் வருகிறதா என்று பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். கால் எடுக்கும் முன் செட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தேங்கியிருக்கும் மின்சாரத்தை ஒரு மின்தடை வழியே வடித்துவிட வேண்டும். அணைத்த பிறகும் அது உதைக்கும்.

மின்தடையைச் சோதிக்க விதி எளிது. கழற்றாமல் பார்க்கும்போது எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டினால் எதுவும் சொல்ல முடியாது. கூடுதலாகக் காட்டினால், மின்தேக்கிகள் முழுதாக வடிந்திருக்கும் பட்சத்தில், அது கெட்டதுதான்.

அப்புறம், பழைய கண்டென்சரில் 'எம்எஃப்டி' என்று அச்சிட்டிருந்தால், எவ்வளவு தேக்கும் என்பதைச் சொல்லும் அலகான மைக்ரோஃபாரட் என்று கொள்ளுங்கள்; 'எம்எம்எஃப்டி' என்றால் பிக்கோஃபாரட். 0.01 எம்எஃப்டி-க்கு இன்றைய குறி 103. கடையில் 103 என்று மட்டும் கேட்டால் 50 வோல்ட் மட்டுமே தாங்கும் வட்டத் தகடு போன்ற டிஸ்க் மின்தேக்கி கைக்கு வந்துவிடலாம். 630 வோல்ட் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.