கமக்காரர் அமைப்பு: பதிவும் பயனும்

யாழ்ப்பாணத்தில் வயலோ தோட்டமோ செய்யும் ஒருவர் விதைநெல், உர மானியம், குளத் திருத்தம் என்று எதைக் கேட்டுக் கமநல சேவை நிலையத்துக்கு (விவசாயிகளுக்கான அரச அலுவலகம்) போனாலும், பெரும்பாலும் முதலில் எதிர்கொள்வது "நீங்கள் எந்தக் கமக்காரர் அமைப்பு?" என்ற கேள்வியைத்தான். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, ஓரிடத்தில் விவசாயம் செய்வோர் ஒன்றுகூடி, யாப்பை ஏற்று, நிருவாகிகளைத் தெரிவு செய்து, அந்நிலையத்தின் ஊடாகத் தம் அமைப்பைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவான அமைப்பு தன் பெயரிலேயே வங்கிக் கணக்கு வைத்திருக்கவும் ஒப்பந்தம் செய்யவும் முடியும்.

இதன் பயனைக் குளங்களில் பார்க்கலாம். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் குடாநாட்டில் ஆறென்று சொல்ல எதுவுமில்லை. காலபோக (மாரிகாலப் பெரும்போக) நெல் வடகீழ்ப் பருவமழையையே நம்பியிருக்கிறது, தோட்டக் கிணறுகளும் அந்த மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்குவதாலேயே ஊறுகின்றன. 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயல்களுக்கு நீர் தரும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. அவற்றைத் தூர்வாருவது, வாய்க்காலைத் திருத்துவது போன்ற சிறு வேலைகள் அமைப்பிடமே ஒப்படைக்கப்படுவதுண்டு. அப்போது கூலி ஊருக்குள்ளேயே நிற்கும். எந்த மூலையில் வண்டல் அதிகம் என்பதும் வேலை செய்பவருக்குத் தெரிந்திருக்கும்.

சிக்கல் வருவது குத்தகைக் காணியில். காணிக்காரர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, 4 பரப்பில் (16 பரப்பு ஓர் ஏக்கர்) வெங்காயம் நடுபவரின் பெயர் விவசாயக் காணிப் பதிவேட்டில் (எந்தக் காணியை யார் செய்கிறார் என்று காட்டும் பதிவு) இல்லாமற்போவது சாதாரணம். வாய்ப்பேச்சில் நிற்காமல் குத்தகையை எழுத்தில் வாங்கி, அதைக் காட்டிப் பதிவேட்டைத் திருத்துவிப்பதே நல்லது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கமநல அபிவிருத்தி உத்தியோகத்தர் மத்திய அரசின் திணைக்களத்தைச் சேர்ந்தவர்; பயிர் நோய்க்கு ஆலோசனை சொல்லும் விவசாயப் போதனாசிரியர் மாகாண விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். பல இடங்களில் இருவரையும் ஒரே கட்டடத்தில் காணலாம் என்பதால், ஒருவரிடம் சொன்னது மற்றவருக்கும் எட்டியிருக்கும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள்.

பயிர்க் காப்புறுதி, 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் விவசாய, கமநலக் காப்புறுதிச் சபையின் வேலை. மழையில் வெங்காயம் அழுகினால் உடனே அறிவித்து, பாத்தியை அப்படியே விட்டுவைக்க வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கி வேலியோரம் எறிந்த பின் போய்ச் சொன்னால், பார்வையிட வருபவர் காண்பது வெறும் செம்மண்ணைத்தான்.