போட்டிக்காகத் தூதரகப் படி ஏறாதீர்கள்

மறுபடியும் அதே கதை. தஞ்சம் கிடைத்த நாட்டில் சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீரர். வெளிநாட்டில் போட்டி வருகிறது. "பழைய பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள், விசா சீக்கிரம் கிடைக்கும்" என்கிறார் பயிற்சியாளர். வீரரும் தான் தப்பி வந்த நாட்டின் தூதரகத்துக்கே போய், படிவத்தை நிரப்பி, கைரேகை வைத்து, புது பாஸ்போர்ட்டோடு திரும்புகிறார். போட்டியும் நல்லபடியாக முடிகிறது. பிறகு குடிவரவுத் துறையிலிருந்து கடிதம்: உங்கள் அகதி நிலையை ஏன் நீக்கக் கூடாது? அப்போதுதான் என்னைப் போன்ற வழக்கறிஞர்களின் நினைவு வருகிறது.

பயிற்சியாளரைக் கேட்டால், "ரஷ்யர்கள் கொடி இல்லாமல் போட்டியிடவில்லையா? அவர்களிடம் பாஸ்போர்ட் இல்லையா?" என்கிறார். இதை எத்தனை பேருக்கு விளக்கியாயிற்று! சரி, இன்னொரு முறை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரஷ்யா, பெலாரஸ் நாடுகளைச் சேர்ந்த 32 பேர் நடுநிலை வீரர்களாகக் கலந்துகொண்டார்கள். தடை அவர்கள் நாட்டின் கொடிக்கும் கீதத்துக்கும், இந்த 32 பேருக்கு அல்ல. அவர்களுக்கு நாடு உண்டு, பாஸ்போர்ட் உண்டு, போட்டி முடிந்தால் ஊருக்குப் போகலாம். ஒலிம்பிக்கில் அகதி வீரர்களுக்கென்றே இருக்கும் அகதிகள் அணி வேறு. அதே பாரிஸில் அந்த அணியில் 37 பேர். ஊருக்குத் திரும்பினால் ஆபத்து என்று ஐ.நா. அகதிகள் முகமையோ அடைக்கலம் தந்த நாடோ ஏற்றுக்கொண்டவர்கள். முதல் கூட்டத்தாருக்குப் பாஸ்போர்ட் வெறும் பயணத்தாள். இரண்டாமவர்களுக்கு அது, "என் நாட்டின் பாதுகாப்பை மறுபடி ஏற்கிறேன்" என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலேயே அப்படி ஏற்றவருக்கு அகதி நிலை முடிவுக்கு வரும் என்று இருக்கிறது. பாஸ்போர்ட் வாங்கினாலே எல்லாம் போய்விடும் என்று சொல்லவில்லை. ஏன் வாங்கினேன் என்று விளக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். போட்டிக்குப் போக வேண்டியிருந்தது என்ற பதில் அதிகாரிகளிடம் எடுபடுவது அபூர்வம்.

அகதிகள் அணி ஒலிம்பிக்குக்குக் குறுக்கு வழி என்ற பேச்சும் காதில் விழுகிறது. டொமினிக் லோபாலுவைப் பாருங்கள். தென் சூடானில் பிறந்தவர், சுவிட்சர்லாந்தில் வாழ்கிறார். 2024 ஜூனில் ரோமில் அந்த நாட்டுக்காகவே 10,000 மீட்டரில் ஐரோப்பிய சாம்பியன். ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்காக ஓடக் குடியுரிமை இல்லாததால் இரண்டே மாதத்தில் பாரிஸில் அகதிகள் அணிச் சட்டையில் 5,000 மீட்டர் ஓடி, 0.14 நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்த அணியின் முதல் பதக்கம், அதே பாரிஸில் குத்துச்சண்டை வெண்கலம், சிண்டி ங்காம்பாவுடையது. கேமரூனில் பிறந்து சிறு வயதிலேயே பிரிட்டனுக்கு வந்தவர். அப்போது பிரிட்டிஷ் அணியினரோடுதான் பயிற்சி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் இல்லை. இதில் குறுக்கு வழி எங்கே இருக்கிறது?

இனி செய்ய வேண்டியவை. அடைக்கலம் தந்த நாட்டிலேயே, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அகதிகளுக்குத் தரும் அகதிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பியுங்கள். போட்டித் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த ஆவணத்துக்கு விசா தரத் தூதரகங்கள் பாஸ்போர்ட்டுக்கு எடுப்பதைவிட அதிக நேரம் எடுக்கும், சில நாடுகள் அதை ஏற்பதே இல்லை. விமானம் மாறும் நாட்டுக்கும் விசா தேவையா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வர அனுமதி எந்தத் தேதி வரை என்று பாருங்கள். போவதற்கு வழி கேட்பவர்கள் திரும்புவதற்குக் கேட்பதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காகக் குத்துச்சண்டையிட்ட எல்ட்ரிக் செல்லாவின் வெனிசுவேலா பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்று, அவர் வாழ்ந்துகொண்டிருந்த டிரினிடாட் அவரைத் திரும்ப அனுமதிக்கவில்லை. கடைசியில் உருகுவே ஏற்றுக்கொண்டது.

பிறந்த தேதியையும் சரிபாருங்கள். சரியான தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று பதிந்துவிடுவது முகாம்களில் வழக்கம். விளையாட்டுச் சங்க அட்டையில் ஒரு தேதி, பயண ஆவணத்தில் வேறு தேதி என்றிருந்தால் இருபது வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் வயது மோசடி என்ற பேச்சுதான் வரும். ஊக்கமருந்துச் சோதனையில் அகதி என்று யாரும் சலுகை தரமாட்டார்கள். சோதனைப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், முகாம் மாறினாலும், வீடு மாறினாலும் இருப்பிடத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும்.

கிளப் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீரர் ஜெயித்தால் சந்தோஷம்தான், படம் போட ஆசையாக இருக்கும். ஆனால் பெயர், ஊர், தப்பி வந்த கதை எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். அங்கே இன்னும் அவருடைய அப்பா அம்மா, அண்ணன் தம்பிகள் இருக்கலாம். அந்தப் பதிவை வைத்து யார் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். முதலில் அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று குடையாமல் விட்டுவிடுங்கள்.