முதுகுவலியும் மடக்கு மேசையும்: எடையோடு தூரத்தையும் அளந்து வாங்குங்கள்

மடக்கு மேசையின் பெட்டியில் எத்தனை கிலோ தாங்கும் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். உறுதியான மேசை வேண்டும் என்று தேடுபவரின் கண் முதலில் அங்கேதான் போகும். மேசை எவ்வளவு தாங்கும் என்பதை அந்த எண் சொல்கிறது. அந்த மேசையைத் தூக்கவும் விரிக்கவும் அதன் முன் நின்று ஒரு மணி நேரம் வேலை செய்யவும் முதுகு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. இடுப்பில் வலி உள்ளவருக்கு இந்த இரண்டாவது கணக்குதான் முதலில் வேண்டும். அதற்குத் தேவையான கருவி ஓர் அளவுநாடா மட்டுமே.

இடுப்புப் பகுதியில் முதுகெலும்பின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் தசைகள் நம்மை நிமிர்த்திப் பிடிக்கின்றன. எலும்பு மூட்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. பின்னால் இருந்துதான் அவை இழுக்கின்றன. கையில் உள்ள சுமையோ 25 செ.மீ., 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. ஏற்றக்கட்டையில் ஒருபக்கம் குட்டைக் கை, மறுபக்கம் நெட்டைக் கை என்பது போலத்தான். 10 கிலோ மேசையைத் தாம்பாளம் ஏந்துவது போலப் படுக்கையாகப் பிடித்தால் அதன் எடைமையம் முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் போகும். அதை ஈடுகட்டத் தசை 10 × 50 ÷ 5, அதாவது 100 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் இழுக்க வேண்டும். அதே மேசையை நிமிர்த்தி, பலகை வயிற்றோடு ஒட்டும்படி பிடித்தால் தூரம் 25 செ.மீ. ஆகிறது, தசையின் உழைப்பும் 50 கிலோவாகக் குறைகிறது. மேசை மாறவில்லை, பிடித்த விதம் மட்டும் மாறியது. தசை இழுக்கும் விசை முழுவதும் முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகளை நசுக்கும் விசையாகவே போய்ச் சேருகிறது.

குனிந்தால் இன்னொரு சுமை கூடுகிறது: நம் உடம்பே. இடுப்புக்கு மேலே உள்ள உடல் 35 கிலோ என்றும், குனியும்போது அதன் எடைமையம் 25 செ.மீ. முன்னால் போகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கையோடு குனிந்ததற்கே தசை 175 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கேயின் குழு ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டுக்குள் அழுத்த உணரியைப் பொருத்தி அளந்தது. நேராக நிற்கும்போது வட்டுக்குள் அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல், முன்னால் குனிந்தபோது 1.1 மெகாபாஸ்கல். 20 கிலோ சுமையை உடலோடு ஒட்டிப் பிடித்து நிமிர்ந்து நின்றபோதும் அதே 1.1தான். ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு அது, எல்லா முதுகுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் மேலே போட்ட கணக்கும் அந்த அளவும் ஒரே திசையைக் காட்டுகின்றன. எடை குறைந்த மேசையாகத் தேடிப் பிடித்து வாங்கி, அதைத் தரையில் போட்டுக் குனிந்து நிமிர்ந்து விரித்தால் முதுகுக்குப் பெரிய லாபம் இல்லை.

எத்தனை கிலோ வரை வாங்கலாம்? அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 1991இல் திருத்திய தூக்கும் சமன்பாடு இங்கே உதவும். சுமை கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தூரத்திலும் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்திலும் இருந்து, உடம்பைத் திருப்பாமல், எப்போதாவது தூக்குவதானால் 23 கிலோ வரை ஏற்கலாம் என்கிறது அது. தூரம் 50 செ.மீ. ஆனால் அந்த 23 பாதியாகி 11.5க்கு வந்துவிடும். தரையிலிருந்து எடுத்தால் மேலும் 0.775 ஆல் பெருக்க வேண்டும், 9 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். இதெல்லாம் முதுகு நலமாக உள்ள தொழிலாளிக்குப் போட்ட கணக்கு. வலி உள்ளவர் ஒரு கையால் தூக்கும் துண்டு 7 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 180 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் மேசைகள் பெரும்பாலும் 11 முதல் 16 கிலோ வரை இருக்கும். 120 செ.மீ. மேசை 7 முதல் 10 கிலோ. நீளமான இடம் வேண்டுமானால் சிறிய மேசைகள் இரண்டை வாங்கிச் சேர்த்துப் போடுங்கள். ஒரே கையில் 10 கிலோவைத் தொங்கவிட்டு நடக்கும்போது எதிர்ப்பக்க இடுப்புத் தசை உடம்பைச் சாயவிடாமல் இழுத்துக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. கைக்கு 5 கிலோ என்று பிரித்தால் இரண்டு பக்கமும் சமன்.

எடை குறையும்போது உறுதியும் குறையுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் உறுதி, பொருளின் அளவைவிட அந்தப் பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேசைக் காலின் எஃகுக் குழாய்கள் இரண்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று 19 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. சுவர். மற்றது 25 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. சுவர். மீட்டருக்கு முதலாவது ஏறக்குறைய 650 கிராம், இரண்டாவது 700 கிராம். எடையில் 50 கிராம்தான் வித்தியாசம், ஆனால் வளைவை எதிர்ப்பதில் இரண்டாவது முதலாவதைப் போல இரண்டு மடங்கு. உலோகம் மையத்திலிருந்து விலக விலக வளைப்பது கடினமாகிறது. அதனால் கனமான ஒல்லிக் குழாயை விட, மெல்லிய சுவருள்ள பருமனான குழாயே முதுகுக்கும் மேசைக்கும் நல்லது. அலுமினியம் எடையில் எஃகின் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே அலுமினியக் கால் எஃகுக் காலைவிடப் பருமனாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே விட்டத்தில், ஒரே தடிமனில் இருந்தால் அலுமினிய மேசை ஆடும்.

மேற்பலகையிலும் இதே விதிதான். ஊதி வார்த்த பிளாஸ்டிக் பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், குழிகுழியாக இருக்கும். மேல் தோலும் கீழ்த் தோலும் உள்ளே வெற்றிடம் விட்டு விலகி நிற்க, அந்தக் குழிகளில் மட்டும் ஒட்டியிருக்கின்றன. குழிகள் நெருக்கமாக இருந்தால் மேல் தோல் அமுங்காது. பலகையின் நடுவில் கட்டைவிரலால் ஓங்கி அழுத்துங்கள். தகரடப்பா போல உள்ளே போய் வெளியே வந்தால் தோல் மெலிந்தது என்று பொருள். பிளாஸ்டிக் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். பாரத்தை வைத்து வெயிலில் நாள்கணக்கில் விட்டால் மெல்ல மெல்லத் தொய்ந்து, பாரத்தை எடுத்த பிறகும் முழுதாக நிமிராது. அழுத்திய மரத்தூள் பலகை வெளியிடத்துக்கு ஆகவே ஆகாது, ஓரத்தில் ஈரம் புகுந்தால் ஊதி உதிர்ந்துவிடும். பட்டைகளைச் சுருட்டி எடுக்கும் அலுமினிய மேசைகள் 3 முதல் 6 கிலோதான், தூக்குவதற்குச் சொர்க்கம். ஆனால் அவற்றில் பல, உட்கார்ந்து சாப்பிடும் உயரத்தோடு நின்றுவிடும்.

பெட்டியில் போட்டிருக்கும் தாங்குதிறன் பெரும்பாலும் பாரம் பலகை முழுவதும் சீராகப் பரவியிருப்பதாக வைத்துச் சொன்னது. அதே பாரத்தை நடுவில் ஒரே இடத்தில் வைத்தால் வளைக்கும் விசை இரண்டு மடங்காகும். தண்ணீர்க் கேன், அடுப்பு போன்ற கனமானவற்றைக் கால்களுக்கு நேர் மேலே வைப்பது இதனால்தான்.

முதுகுவலிக்காரர் மேசையிடம் கேட்கும் இன்னொரு உதவி உண்டு, மற்றவர்கள் அதை அவ்வளவாகக் கேட்பதில்லை. எழும்போது அவர் மேசை ஓரத்தில் கையை ஊன்றுவார். அப்போது மேசை கவிழ்ந்தால் விழுவது மட்டுமல்ல, விழாமல் இருக்க உடம்பு வெடுக்கென்று திமிறுவதும் கெடுதல் செய்யும். கவிழுமா என்பதைக் கடையிலேயே கணக்கிடலாம். 60 செ.மீ. அகலமும் 10 கிலோ எடையும் உள்ள மேசையின் கால்கள் ஓரத்திலிருந்து 5 செ.மீ. உள்ளே இருந்தால், ஓரத்தில் 50 கிலோ அழுத்தம் விழும் வரை அது கவிழாது (10 × 25 ÷ 5). கால்கள் 10 செ.மீ. உள்ளே போனால் வெறும் 20 கிலோவே போதும். நீளவாட்டில் 120 செ.மீ. மேசையின் கால்கள் 20 செ.மீ. உள்ளே தள்ளியிருந்தாலும் அதே 20 கிலோதான். எடை குறையக் குறைய இந்த எல்லையும் இறங்கும், ஆகவே இலேசான மேசை வாங்குபவர் கால்கள் ஓரத்துக்கு அருகில் உள்ளதாகவே எடுக்க வேண்டும். எந்த மேசையானாலும் மூலையில் ஊன்றாதீர்கள். காலுக்கு நேர் மேலே ஊன்றுங்கள்.

கடையில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் பார்க்க நேரமிருந்தால் பூட்டைப் பாருங்கள். காலையும் பலகையையும் இணைக்கும் சாய்வுச் சட்டம்தான் மேசையைப் பக்கவாட்டில் சரியாமல் காக்கிறது. செவ்வகத்தைத் தள்ளினால் சாயும், முக்கோணத்தைத் தள்ளினால் சாயாது. அந்தச் சட்டத்தின் நடுவில் முழங்கால் மாதிரி ஒரு கீல் இருக்கும். கீலின் மேல் ஓர் உலோக வளையம் சரிந்து விழுந்து மூடினால்தான் முக்கோணம் முழுமை பெறும். வளையத்துக்கும் குழாய்க்கும் நடுவே மணல் சேர்ந்தாலோ குழாய் கொஞ்சம் நசுங்கினாலோ வளையம் பாதியில் நின்றுவிடும். பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும், ஒருவர் பக்கவாட்டில் இடித்ததும் கால் மடங்கும். கண்ணால் பார்த்து நம்பாமல் விரலால் கீழே இழுத்துப் பாருங்கள். பிறகு பலகையின் இரு முனைகளையும் பிடித்து நீளவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் கீலில் இருக்கிறதா, தறையாணி நுழைந்த துளையில் இருக்கிறதா என்று கவனியுங்கள். துளை பெருத்திருந்தால் அது இறுகாது, நாளாக நாளாகக் கூடும்.

உயரத்துக்கு வருவோம், முதுகு அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். மடக்கு மேசைகளில் பெரும்பாலானவை 72 முதல் 75 செ.மீ. உயரம், உட்கார்ந்து பயன்படுத்துவதற்கான அளவு. முழங்கை நம் உயரத்தில் ஏறக்குறைய 63 சதவீதத்தில் இருக்கிறது. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 101 செ.மீ. நின்றுகொண்டு காய் நறுக்குவது போன்ற வேலைக்கு மேசை முழங்கையைவிட 5 முதல் 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் போதும், அதாவது 91 முதல் 96 செ.மீ. வரை. மாவு பிசைவது, மரம் அறுப்பது போல அழுத்திச் செய்யும் வேலைக்கு 15 முதல் 20 செ.மீ. தாழ்வாக. சாதாரண மேசையில் கிட்டத்தட்ட 20 செ.மீ. குறைகிறது, அந்த 20ஐ முதுகு குனிந்து ஈடுகட்டுகிறது. குழாய்க்குள் குழாய் நீளும் கால்கள் உள்ள மேசை இதற்காகவே கூடுதல் விலைக்குத் தகும். உயர்த்திய பிறகு ஒவ்வொரு காலிலும் குமிழ் துளைக்கு வெளியே முழுதாகத் துருத்தி நிற்கிறதா என்று தடவிப் பாருங்கள். உயரம் கூடும்போது கால்களின் விரிவு கூடுவதில்லை, ஆகவே ஆட்டம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

மேசைக்கு அடியில் பாதம் நுழைய இடமும் வேண்டும். குறுக்குச் சட்டம் பாதத்தைத் தடுத்தால் வயிறு பலகையைத் தொடாது, எட்டி எட்டி வேலை செய்ய வேண்டிவரும். பெஞ்சு சேர்ந்தே வரும் சுற்றுலா மேசை வேண்டவே வேண்டாம். காலைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி உள்ளே நுழைவது வலி உள்ள முதுகுக்குத் தண்டனை.

வெளியில் தரை சமமாக இருக்காது. சரிவில் மேசை போட்டால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது முக்கியம். மேட்டுப்பக்கம் நின்றால் மேசை நமக்குத் தாழ்ந்துவிடும், பள்ளப்பக்கம் நின்றால் உயர்ந்து வரும். 5 பாகைச் சரிவில் அரை மீட்டருக்கு 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வருகிறது. ஈர மண்ணிலோ மணலிலோ கால் புதையும். ஒரு காலுக்கு 10 கிலோ பாரம், காலடி 25 மி.மீ. வட்டம் என்றால் மண்ணின் மீது 200 கிலோபாஸ்கல் அழுத்தம். 10 செ.மீ. சதுரப் பிளைவுட் துண்டு ஒன்றை அடியில் வைத்தால் அது 10 கிலோபாஸ்கலாக, இருபதில் ஒரு பங்காகக் குறையும். அப்படி 4 துண்டுகளை மேசையோடு கட்டியே வையுங்கள்.

இனி விரிக்கும் முறை. வண்டியில் நெடுநேரம் உட்கார்ந்து வந்து இறங்கிய உடனே மேசையைத் தூக்காதீர்கள். வளைந்தே இருந்ததில் முதுகின் தசைநார்கள் தளர்ந்திருக்கும், அவை பழைய விறைப்புக்கு உடனே திரும்பாது. கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். படுத்து எழுந்த முதல் மணி நேரமும் இப்படித்தான், இரவில் நீரை உறிஞ்சி வட்டுகள் உப்பியிருக்கும். மேசையைத் தரையில் படுக்கவைக்காமல் வண்டியின் பின்தளத்திலோ திண்ணையிலோ வைத்துக் கொக்கியை விடுவித்துக் கால்களைப் பிரியுங்கள். அப்படி இடம் இல்லாவிட்டால் நீள ஓரத்தில் நிமிர்த்தி, புத்தகம் போலப் பாதி திறந்து வையுங்கள். அது தானாக நிற்கும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, ஒரு பக்கத்துக் காலை வெளியே இழுத்து வளையத்தைப் பூட்டி, மறுபக்கம் நகர்ந்து அதையும் பூட்டுங்கள். எட்டிப் பிடிக்காதீர்கள், நகருங்கள். கடைசியில் மேசையை நிமிர்த்தும்போது எடையில் பெரும்பங்கு கைக்கு வரும், அந்த ஒரு கணத்துக்கு மறுமுனையைப் பிடிக்க ஆள் இருப்பது நல்லது.

கால் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது போன்றவை இருந்தால் மேசை தேடும் வேலையை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மடக்கி வைக்கும்போது கால்முனையில் உள்ள ரப்பர் குல்லாவைக் கழற்றி உள்ளே தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். எஃகுக் குழாய் பெரும்பாலும் அங்கிருந்துதான், வெளியே தெரியாமல், துருப்பிடிக்கத் தொடங்கும். மேசையைப் பரணிலும் ஏற்றாதீர்கள், கட்டிலுக்கு அடியிலும் தள்ளாதீர்கள். கைப்பிடி மேலே வரும்படி சுவரோரம் ஓர் உறுதியான பெட்டியின் மேல் நிறுத்தினால், அடுத்த முறை எடுக்கும்போது கை தொங்கும் உயரத்திலேயே, ஏறக்குறைய 75 செ.மீ.யில், பிடி கிடைக்கும்.