ஒரு நிமிட மூச்சுக் கணக்கும் அதன் பின்னால் நிற்க வேண்டிய நிதியும்

இரண்டு வயதுக் குழந்தையொன்று இருமலும் காய்ச்சலுமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. அங்குள்ள சுகாதாரப் பணியாளர் குழந்தையைத் தாயின் மடியிலேயே இருக்கவிட்டு, அழுகை ஓயும் வரை காத்திருந்து, சட்டையைச் சற்றே உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் அதன் மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை எண்ணுகிறார். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 மூச்சு, ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 40 மூச்சு என்பது எல்லை. இருமலோடு வந்த குழந்தையின் கணக்கு அந்த எல்லையைத் தொட்டாலே நிமோனியா எனக் கொண்டு சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நுரையீரலின் காற்றுப்பைகளில் சீழும் நீரும் சேரும்போது நுரையீரல் விறைப்பாகி, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்று குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட உடல் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. எக்ஸ்ரே கருவி இல்லாத இடத்திலும் நுரையீரலின் நிலையைக் கண்ணால் படிக்க முடிவது இதனால்தான்.

இதற்குத் தேவைப்படும் அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை மிக மலிவானது. ஆனாலும் 2019-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,000 குழந்தைகள் நிமோனியாவால் இறந்தார்கள். மருத்துவ அறிவியல் இங்கே பல பத்தாண்டுகளுக்கு முன்பே தன் வேலையை முடித்துவிட்டது. மூச்சை எண்ணத் தெரிந்த ஒருவர் நடந்து எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் தவறாமல் வர வேண்டும். அலமாரியில் மாத்திரை இருக்க வேண்டும். குழந்தை தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் துவண்டிருந்தால் மருத்துவமனைக்கு அனுப்ப வண்டி கிடைக்க வேண்டும். குடும்பத்தின் கையில் பணம் இல்லை என்பதற்காக யாரும் திருப்பி அனுப்பப்படக் கூடாது. இவை எல்லாம் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடிவருவதற்குப் பெயர்தான் முதல்நிலை மருத்துவம். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் மற்றவை பயன்படுவதில்லை.

மருத்துவமனைகளைப் பற்றியே பேசிப் பழகியவர்களுக்கு, நோய்ச்சுமையில் எவ்வளவு பங்கு அவற்றின் வாசலுக்கே வருவதில்லை என்பது வியப்பாக இருக்கும். கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1961-ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்து இதைக் கணக்கிட்டார்கள். ஒரு மாதத்தில் 1,000 பெரியவர்களை எடுத்துக்கொண்டால், 750 பேர் ஏதோ ஒரு நோயையோ காயத்தையோ உணர்கிறார்கள்; 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள்; 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள்; ஒரே ஒருவர்தான் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்கிறார். பெரும் கருவிகளும் சிறப்பு மருத்துவர்களும் அந்த ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள். எஞ்சியவர்களில் யாருக்கு ஓய்வு போதும், யாருக்கு மாத்திரை வேண்டும், யாரை உடனே மேலே அனுப்ப வேண்டும் என்று பிரித்தறியும் பொறுப்பு முதல் வாசலில் இருப்பவருடையது.

இந்தப் பிரித்தறிதலின் மதிப்பை ஒரு எளிய கணக்கில் காணலாம். நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டுபிடித்து, நோயில்லாதவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கும் ஒரு பரிசோதனை இருப்பதாகக் கொள்வோம். நூற்றில் ஒருவருக்கு மட்டுமே அந்த நோய் உள்ள கூட்டத்திலிருந்து 1,000 பேருக்கு அதைச் செய்தால், நோயுள்ள 10 பேரில் 9 பேர் அகப்படுவார்கள். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் நோய் இருப்பதாகவே முடிவு வரும். ஆக, ‘நோய் உண்டு’ என்று சொல்லப்பட்ட 108 பேரில் 99 பேர் வீணாகக் கலங்குவார்கள், தேவையில்லாத அடுத்தகட்டச் சோதனைகளுக்கு ஆளாவார்கள். முதல் வாசலில் அறிகுறிகளைக் கேட்டு, உடலைத் தொட்டுப் பார்த்து, பாதிப் பேருக்காவது அந்த நோய் இருக்கக்கூடிய 1,000 பேரை மட்டும் மேலே அனுப்பியிருந்தால், அதே பரிசோதனை 450 பேரைச் சரியாகவும் 50 பேரைத் தவறாகவும் காட்டியிருக்கும். கருவியில் எந்த மாற்றமும் இல்லை. அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். முதல்நிலை மருத்துவம் வலுவாக இல்லாத நாட்டில் விலையுயர்ந்த மருத்துவமனையும் மோசமாக வேலை செய்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

முதல் வாசலுக்கு இன்னொரு பண்பும் உண்டு. அது தொடர்ச்சி. முதல்நிலை மருத்துவத்தைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பார்பரா ஸ்டார்ஃபீல்ட், முதலில் அணுகும் இடமாக இருத்தல், ஒருவரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தல், பெரும்பாலான தேவைகளை அங்கேயே நிறைவேற்றுதல், மற்ற இடங்களில் கிடைக்கும் சிகிச்சையை ஒருங்கிணைத்தல் என நான்கு பண்புகளை வரையறுத்தார். இவற்றில் தொடர்ச்சியின் அருமையை உயர் இரத்த அழுத்தத்தில் தெளிவாகக் காணலாம். 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் சுமார் 130 கோடிப் பேருக்கு அது இருந்தது; அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது; ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. வலி எதுவும் இல்லாததால் யாரும் தாமாக மருத்துவரைத் தேடிப் போவதில்லை. வேறு எதற்கோ வந்தவரின் கையில் பட்டையைக் கட்டி அளந்து, பதிவேட்டில் குறித்து, அடுத்த மாதம் அவர் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று விசாரிக்கும் ஒருவர் இருந்தால்தான் பக்கவாதத்தைத் தடுக்க முடியும்.

இனி பணத்தின் பக்கம் வருவோம். மருத்துவத்துக்கான பணம் வரியாகவோ காப்பீடாகவோ முன்கூட்டியே திரட்டப்படலாம். நோய் வந்த நாளில் நோயாளியின் கையிலிருந்து வாங்கப்படலாம். வெளிநாட்டு உதவியாக வரலாம். இரண்டாவது வழி மிகக் கொடியது என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனெனில் அது வேலைக்குப் போக முடியாத நாளில், வருமானம் நின்றுபோன வீட்டில் பணம் கேட்கிறது. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சுமார் 450 கோடிப் பேருக்கு அடிப்படைச் சுகாதாரச் சேவைகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. சுமார் 200 கோடிப் பேர் மருத்துவச் செலவால் பொருளாதார நெருக்கடிக்கு உள்ளாகிறார்கள். கட்டணம் சிறியதாக இருந்தால் பாதிப்பு இருக்காது என்று எண்ணுவதும் தவறு. கென்யாவில் கர்ப்பிணிகளுக்கான மருத்துவ நிலையங்களில் கொசுவலையை இலவசமாகக் கொடுத்தும், சிறு விலைக்குக் கொடுத்தும் ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபா என்ற இரு பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. விலை பூஜ்யத்திலிருந்து 60 அமெரிக்க சென்ட்டுக்கு உயர்ந்ததுமே, வலையை வாங்கிக்கொண்டவர்களின் பங்கு 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது.

வெளிநாட்டு உதவியின் சிக்கல் வேறு வகையானது. 1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா-அட்டா நகரில் 134 நாடுகளின் பேராளர்கள் கூடி, அனைவருக்கும் நலவாழ்வு கிடைப்பதற்கான வழி முதல்நிலை மருத்துவமே என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே, இவ்வளவையும் செய்யப் பணம் போதாது, எனவே தேர்ந்தெடுத்த சில தலையீடுகளை மட்டும் செய்வோம் என்ற வாதம் எழுந்து வலுப்பெற்றது. 2000-க்குப் பிறகு இந்தப் போக்கு பெரும் நிதியங்களாக உருவெடுத்தது: தடுப்பூசிக்கான ‘காவி’ (Gavi) கூட்டணி, எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கான உலக நிதியம், அமெரிக்காவின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டம் ஆகியவை 2000-க்கும் 2003-க்கும் இடையே தோன்றின. இவை காப்பாற்றிய உயிர்கள் கோடிக்கணக்கானவை. 1990-இல் ஆண்டுக்கு ஒன்றேகால் கோடிக்கு மேல் இருந்த ஐந்து வயதுக்குட்பட்டோர் மரணங்கள் 2022-இல் 50 லட்சத்துக்குக் கீழே வந்ததில் தடுப்பூசிக்கும் கொசுவலைக்கும் பெரிய பங்குண்டு. அதைக் குறைத்துப் பேசும் எந்த விமர்சனத்தையும் நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் பணம் நோயின் பெயரை ஒட்டிக்கொண்டு வருவதால் முதல் வாசலில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு வந்த குழந்தைக்கு மலேரியா பரிசோதனை செய்ய மலேரியா நிதியில் வாங்கிய சோதனைப் பட்டை இருக்கிறது. முடிவு ‘இல்லை’ என்று வந்தால், அடுத்து மூச்சை எண்ண வேண்டும், எல்லையைத் தொட்டால் அமாக்சிசிலின் கொடுக்க வேண்டும். அந்த மாத்திரையை மலேரியா நிதியில் வாங்க இயலாது என்ற விதி நெடுங்காலம் பல இடங்களில் இருந்தது. நன்கொடையாளரின் தரப்பிலும் ஒரு காரணம் உண்டு: வழங்கிய வலைகளை எண்ணலாம், போட்ட ஊசிகளை எண்ணலாம், தம் நாட்டு வரிசெலுத்துவோரிடம் கணக்குக் காட்டலாம். செவிலியரின் சம்பளம், குளிர்பெட்டியின் பழுதுபார்ப்பு, மருந்துக் கிடங்கின் பதிவேடு ஆகியவை எல்லா நோய்களுக்கும் பொதுவானவை. அதனாலேயே எந்த நோயின் கணக்கிலும் அவை முழுமையாக இடம்பெறுவதில்லை.

இந்த வெற்றிடத்தின் விலை மேற்கு ஆப்பிரிக்காவில் தெரிந்தது. கினி நாட்டில் 2013 டிசம்பரில் தொடங்கிய எபோலா தொற்று, 2014 மார்ச்சில்தான் அடையாளம் காணப்பட்டது. அந்த மூன்று மாதங்களில் நோயாளிகள் எங்கோ ஒரு நிலையத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வழக்கத்துக்கு மாறான மரணங்களைக் கவனித்து, இரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் சங்கிலி அங்கே இல்லை. தொற்று ஓய்வதற்குள் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் 11,300-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கொள்ளைநோய்க் கண்காணிப்பு என்று தனியாக ஒன்றை எவ்வளவு செலவில் நிறுவினாலும், அதன் முதல் உணர்கொம்பு சாதாரணக் காய்ச்சலைப் பார்க்கும் அந்தப் பணியாளர்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் சொந்த நிதியிலும் இதே கோளாறு இருக்கிறது. உறுப்பு நாடுகள் கட்டாயமாகச் செலுத்தும் பங்கு பல ஆண்டுகளாக மொத்த வரவில் கால்பங்குக்கும் கீழே இருந்தது. மீதியில் பெரும்பகுதி கொடுப்பவர் குறிப்பிடும் வேலைக்கே செலவிட வேண்டிய பணம். அடிப்படை வரவுசெலவுத் திட்டத்தில் கட்டாயப் பங்கை 2030–31-க்குள் 50 விழுக்காட்டுக்குப் படிப்படியாக உயர்த்த 2022-இல் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை ஒப்புக்கொண்டது. பின்னர் 2025 ஜனவரியில் அமெரிக்கா அந்த நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, வெளிநாட்டு உதவிகளையும் நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவியை வழங்கிவந்த யுஎஸ்எய்ட் அமைப்பே தன் செயல்பாட்டை முடித்துக்கொண்டது. ஒரே ஒரு அரசின் முடிவு எத்தனையோ நாடுகளின் மருந்து அலமாரிகளை ஒரு மாதத்துக்குள் அசைத்துவிட முடியும் என்ற ஏற்பாட்டை யாரும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

மாற்று வழி கற்பனையல்ல. கோஸ்டா ரிகா 1990-களின் நடுவிலிருந்து நாட்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒரு குழு என்று மருத்துவரையும் செவிலி உதவியாளரையும் வீடு வீடாகச் செல்லும் பணியாளரையும் அமர்த்தியது. அதைவிட மிகவும் ஏழ்மையான எத்தியோப்பியா, 2003-இல் தொடங்கிய திட்டத்தில் 30,000-க்கும் அதிகமான பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி அளித்து, அரசுச் சம்பளத்தில் கிராமச் சுகாதார நிலையங்களில் நியமித்தது. ஒவ்வொரு நாடும் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கூடுதலாக ஒரு விழுக்காட்டை முதல்நிலை மருத்துவத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2001-இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் அரசுச் செலவில் 15 விழுக்காட்டை நலவாழ்வுக்கு ஒதுக்குவதாக வாக்களித்திருந்தார்கள். பெரும்பாலான நாடுகளில் அது நிறைவேறவில்லை. கடன் வட்டிக்கே வருவாயின் பெரும்பங்கை இழக்கும் அரசுகளிடம் வாக்கை மட்டும் நினைவூட்டுவது நியாயமும் ஆகாது. கடன் தளர்வும், நோயின் பெயர் ஒட்டாத நீண்டகால வெளி உதவியும் கூடவே வர வேண்டும்.

2025-இல் அமெரிக்க நிதி நின்றபோது, அந்த நிதியைக் கொண்டு எத்தியோப்பியாவில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டிருந்த சுமார் 5,000 சுகாதாரப் பணியாளர்கள் வேலையிழந்தார்கள். அரசுச் சம்பளப் பட்டியலில் இருந்த கிராமப் பணியாளர்கள் அந்த ஒப்பந்தத்தைச் சார்ந்திருக்கவில்லை. வெளி உதவி தரும் நாடுகளிடமும் அதைப் பெறும் அரசுகளிடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது, மூச்சை எண்ணுபவரின் சம்பளத்தை எந்த நன்கொடையின் காலக்கெடுவோடும் கட்டாமல் நிரந்தர ஒதுக்கீட்டில் எழுதி, அவருடைய அலமாரியில் அமாக்சிசிலினையும் சோதனைப் பட்டையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் ஒரே கணக்கிலிருந்து நிரப்புங்கள் என்பதைத்தான்.