நூறு பேர் கூடினால் குப்பைக்கு யார் பொறுப்பு?

கொங்குப் பக்கத்தில் பழைய இரும்பும் அட்டையும் வாங்கி விற்பவர்கள், பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்குபவர்கள், மாடியில் உரம் போடும் குழுக்கள், இரண்டு மூன்று நகராட்சிகளின் சுகாதார ஆய்வாளர்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டலக் கூட்டம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் தொழில் பேச்சு, மதியம் இலைச் சாப்பாடு, இரண்டு வேளை டீ. மண்டப வாடகை கட்டுப்படியாகவில்லை. அதனால் உறுப்பினர் ஒருவருடைய கிடங்கை ஒட்டிய காலி இடத்தில் சாமியானா. வருபவர்கள் 150 பேர். பேசப்போவது குப்பையைக் குறைப்பது எப்படி என்று. மாலையில் எல்லாரும் கிளம்பிய பிறகு அந்த இடத்தில் கிடப்பதை யார் அள்ளுவது?

இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம், கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். ஆனால் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுக்கும் வீட்டாரில் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. குப்பைத் தொழிலில் இருப்பவர்களிலும் சிலருக்குத் தெரியாது என்பதால்தான் அவர்களுடைய கூட்டத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இன் கீழ் மத்திய அரசு 2016 ஏப்ரல் 8 அன்று திடக்கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. 2000-ஆம் ஆண்டின் பழைய விதிகள் குப்பையை நகராட்சியின் தலைவலியாக மட்டுமே பார்த்தன. 2016 விதிகள் குப்பையை உண்டாக்குபவருக்கும் கடமை உண்டு என்றன. தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும், தெருவிலோ வாய்க்காலிலோ போடக்கூடாது, எரிக்கக்கூடாது, புதைக்கக்கூடாது, உள்ளாட்சி விதிக்கும் கட்டணத்தைக் கட்ட வேண்டும். இந்தக் கடமைகளைச் சொன்ன 4-ஆம் விதிக்குள்தான் விழா நடத்துபவருக்கான உட்பிரிவும் வந்தது. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை உள்ளாட்சி அமைப்புக்குக் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்பே தெரிவிக்காமல் யாரும் நடத்தக்கூடாது. குப்பை அந்த இடத்திலேயே தரம் பிரிக்கப்படுவதையும், உள்ளாட்சி சொல்லும் ஆளிடமோ நிறுவனத்திடமோ அது ஒப்படைக்கப்படுவதையும் நடத்துபவரே உறுதிசெய்ய வேண்டும்.

உட்பிரிவு அவ்வளவுதான். அதற்குள் மூன்று சொற்களை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ‘தெரிவித்தல்’. இது அனுமதி கேட்பது அல்ல. குப்பைக்காக யாரும் உங்களுக்கு அனுமதிச் சீட்டு தரப்போவதில்லை, அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஒலிபெருக்கிக்கும் ஊர்வலத்துக்கும் காவல் நிலையத்தில் வாங்குவது வேறு. அதை வாங்கிவிட்டதால் இது முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. காவல் நிலையத்துக்குப் போன கடிதத்தால் நகராட்சியின் குப்பை வண்டி கிளம்பி வராது.

இரண்டாவது, ‘உரிமம் பெறாத இடம்’. கல்யாண மண்டபம், திரையரங்கு, ஓட்டல் போன்றவை நிகழ்ச்சிக்கென்றே உரிமம் பெற்றவை. அங்கே உள்ளாட்சிக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. காலி மனை, வயல்வெளி, தெருவை மறித்த பந்தல், பள்ளி மைதானம், வீட்டு மொட்டை மாடி ஆகியவற்றுக்கு அப்படி எதுவும் கிடையாது. 150 பேர் வரும் வளைகாப்பை மாடியில் நடத்தினாலும் விதி பொருந்தும். சொந்த இடம்தானே என்ற வாதம் எடுபடாது, ஏனென்றால் விதியில் இருப்பது உரிமம் என்ற சொல், உடைமை அல்ல.

மூன்றாவது, ‘வேலை நாள்’. அரசு அலுவலகங்களுக்கு சனியும் ஞாயிறும் விடுமுறை. நம் மண்டலக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்றால் புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்றும் முழுதாகக் கிடைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையே கடிதத்தைக் கொடுத்துவிட்டால் எண்ணிக்கை பற்றிச் சண்டை வராது. நடுவில் பண்டிகை விடுமுறை வந்தால் இன்னும் முன்னே போக வேண்டும். முகூர்த்தத்தைக் குறிக்கும்போது ராகு காலம் பார்க்கிற வீட்டில் இதையும் ஒரு வரியாக எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கடிதம் மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையருக்கு; பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. கையில் கொண்டுபோய்ச் சுகாதாரப் பிரிவில் கொடுப்பது நல்லது, வண்டி அனுப்புவது அவர்கள்தான். நாள், இடம், எத்தனை பேர், எத்தனை வேளை சாப்பாடு, எந்த நேரத்தில் குப்பை தயாராக இருக்கும், யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதினால் போதும். ‘பிரித்து வைக்கப்பட்ட குப்பையை எங்கே, யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிவிக்கவும்’ என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒப்படைக்கும் ஆளைச் சொல்ல வேண்டியது உள்ளாட்சி. அந்த வரியோடு உங்கள் கடமையில் பாதி முடிகிறது, அவர்களுடையது தொடங்குகிறது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் இருந்தால் ரசீது. தொகையும் அபராதமும் ஊருக்கு ஊர் மாறும். இவற்றை நிர்ணயிக்கும் உபவிதிகளை உள்ளாட்சிகளே இயற்றிக்கொள்ள வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லியிருக்கின்றன. உங்கள் ஊர் உபவிதியில் என்ன இருக்கிறது என்று கடிதம் கொடுக்கும்போதே கேட்டுவிடலாம்.

கடிதம் கொடுப்பது அரை மணி நேர வேலை. விதியின் உண்மையான கனம் வேறு இடத்தில் இருக்கிறது. பிரித்து ஒப்படைக்கும் பொறுப்பு உங்களுடையது என்று ஆனபிறகு, பிரிக்கவே முடியாத பொருளை ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி வருகிறது. அதனால் இது பந்தி முடிந்த பிறகு படிக்க வேண்டிய விதி அல்ல. சமையல்காரரிடம் பட்டியல் போடும் நாளில் படிக்க வேண்டியது.

அந்தப் பட்டியலைத் தமிழ்நாட்டில் வேறு இரண்டு தடைகளும் தொடுகின்றன. ஒன்று, மாநில அரசு 2018 ஜூன் மாதம் ஆணையிட்டு 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய தடை. அதில் 14 பொருட்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு பந்தியின் சாமான் பட்டியல் போலவே இருக்கும்: சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, தெர்மாகோல் கப், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, பேப்பர் கப், பிளாஸ்டிக் டீ கப், டம்ளர், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், கொடி, பைகள். இரண்டாவது, மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் கொண்டுவந்த தடை. ஸ்பூன், முள்கரண்டி, அலங்காரத்துக்கான தெர்மாகோல், இனிப்புப் பெட்டியையும் அழைப்பிதழையும் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறை, 100 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த தடிமனுள்ள பிளாஸ்டிக் பேனர் ஆகியவை அதில் வருகின்றன. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே ‘கவர் போடாதீங்க’ என்று சொல்லிவிடுங்கள்.

பேப்பர் கப்பில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். “பேப்பர்தானுங்களே, மக்கிடும்” என்பார் சமையல்காரர். மக்காது. உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான் சூடான டீ ஒழுகாமல் நிற்கிறது. அந்தப் பூச்சால் உரக்குழிக்காரரும் வேண்டாம் என்கிறார், பழைய பேப்பர் கடைக்காரரும் வேண்டாம் என்கிறார். இந்தத் தடையை எதிர்த்து உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023-இல் பேப்பர் கப் தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நான்-ஓவன் பைகளை மட்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுபடி பரிசீலிக்கட்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கருத்தரங்குகளில் துணிப்பை என்று சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் இந்த நான்-ஓவன் பைதான். தொட்டால் துணி மாதிரி இருக்கும், பொருள் பாலிபுரோப்பிலீன். இதில் சட்டத்தின் போக்கை எதிர்பார்த்து உட்காருவதைவிட மஞ்சப்பைக்குப் போய்விடுவது எளிது. ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கிய பிறகு அது கிடைப்பதில் சிரமமில்லை. தாம்பூலப் பையாகவும் அதையே கொடுக்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் கொடுத்தோம்.

‘120 மைக்ரானுக்கு மேல் இருந்தால் சட்டப்படி சரி’ என்று கடையில் சொல்வார்கள். அது மத்திய விதியின் கணக்கு. தமிழ்நாட்டுத் தடை எல்லா அளவு, எல்லாத் தடிமன் பிளாஸ்டிக் பைகளையும் சேர்த்தது. இங்கே அந்த வாதம் செல்லாது.

கையடக்கத் தண்ணீர் பாட்டில் இரண்டு பட்டியலிலும் இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. சமவெளியில் இல்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 பேர், நுழையும்போது ஒன்று, சாப்பாட்டில் ஒன்று என்றால் 300 பாட்டில், பாதியில் பாதித் தண்ணீர் மிச்சம். பழைய இரும்புக் கடைக்கு பாட்டில் போகும்தான். ஆனால் அதற்கு முன் ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்க்க ஓர் ஆள் வேண்டும். 20 லிட்டர் கேனும், வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து எவர்சில்வர் டம்ளரும் எடுத்தால் அந்த வேலையே இல்லை. டம்ளர் கழுவும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டியிருக்கும், கொடுங்கள்.

இப்படி வாங்கியாயிற்று என்றால் அன்றைக்குப் பிரிப்பதற்கு மிஞ்சுவது குறைவு. மக்கும் குப்பையில் இலை, காய்கறித் தோல், பூமாலை. பூமாலையில் ஜரிகையும் நூலும் இருந்தால் பிரித்துவிட வேண்டும், அவை மக்காது. எச்சில் இலையை அப்படியே கூடையில் போடாமல் ரசம், பாயசம், மோரைத் தனி வாளியில் வடித்துவிடுங்கள். ஈரக்குப்பையை உரமாக்கும் நுண் உர செயலாக்க மையத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டால் முதல் புகாரே இதுதான், நீர் கட்டி நாறிவிட்டால் உரமாகாது. மக்காததில் அட்டைப் பெட்டி, எண்ணெய் டின், பால் கவர். அட்டை நனையாமல் இருந்தால்தான் எடைக்கு விலை, சாம்பார் பட்டால் அது மறுசுழற்சிக்கு உதவாது. குழந்தைகளின் டயப்பர், நாப்கின் ஆகியவற்றைப் பேப்பரில் சுற்றித் தனியாக வைக்க வேண்டும். பரிமாறாத சாப்பாடு குப்பையே அல்ல. மிஞ்சிய நல்ல உணவைச் சேகரித்துக் கொடுப்பதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2019 ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. அண்டாவில் கை படுவதற்கு முன்பே அதை ஒதுக்கிவிட வேண்டும்.

பந்தலுக்குப் பின்னால் குவித்துத் தீ வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. திறந்த வெளியில் எரிப்பதை 2016-இன் அதே 4-ஆம் விதி நேரடியாகத் தடுத்தது. காலி மனையில் குழி வெட்டிப் புதைப்பதும் அப்படித்தான்.

‘நாங்கள் மண்டபத்தில்தானே நடத்துகிறோம்’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று நாள் கடிதம் உங்களுக்கு இல்லை. மண்டபத்துக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது. சராசரியாக நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடங்களை மொத்தக் கழிவு உருவாக்குவோர் என்று 2016 விதிகள் வகைப்படுத்தின. 2016 விதிகளுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்ட புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் இந்த வரையறையை விரித்தன. 20,000 சதுர மீட்டர் தளப் பரப்பு, நாளுக்கு 40,000 லிட்டர் நீர்ப் பயன்பாடு, 100 கிலோ குப்பை ஆகியவற்றில் எது பொருந்தினாலும் உள்ளே வந்துவிடுவார்கள். தரம் பிரிப்பதும் நான்கு வகையாகிறது: ஈரக்குப்பை, உலர்குப்பை, சுகாதாரக் குப்பை (டயப்பர், நாப்கின்), தனிக் கவனம் தேவைப்படும் பொருட்கள் (பல்பு, மருந்து போன்றவை). மண்டபம் பேசி முடிக்கும்போது இலை எங்கே போகிறது என்று மேலாளரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் குப்பைக் கட்டணம் என்று பில்லில் ஏறும் தொகைக்குக் கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

திரும்ப நம் மண்டலக் கூட்டத்துக்கு வருவோம். அங்கே ஒரு வசதி, வந்தவர்களில் பாதிப் பேர் அட்டையும் பாட்டிலும் வாங்குபவர்கள். உலர்குப்பையை அவர்களே எடைபோட்டு எடுத்துக்கொண்டு போய்விடலாமே? பெரிதாகத் தடை எதுவும் இல்லை. பழைய பொருள் சேகரிப்பவர்களை அங்கீகரித்துக் குப்பை மேலாண்மையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருக்கின்றன. ஆனால் ஒப்படைக்க வேண்டியது உள்ளாட்சி குறிப்பிடும் ஆளிடம் என்பதால், கடிதத்திலேயே ‘உலர்குப்பையை எங்கள் உறுப்பினர் எடுத்துக்கொள்கிறார், ஈரக்குப்பைக்கு மட்டும் வண்டி வேண்டும்’ என்று எழுதி ஒப்புதல் வாங்கிவிடுவது முறை.

ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டி வராமலும் போகலாம். அப்போது மூட்டைகளை ரோட்டோரம் வைத்துவிட்டுக் கிளம்பினால் முத்திரை வாங்கிய கடிதம் உங்களைக் காப்பாற்றாது, ஒப்படைக்கும் வரை பொறுப்பு உங்களுடையதுதான். ஈரக்குப்பைக் கூடைகளை மூடி நிழலில் வைத்து, மேலே காய்ந்த சருகோ மரத்தூளோ தூவிவிட்டால் திங்கட்கிழமை காலை வரை தாங்கும். சுகாதாரப் பிரிவின் தொலைபேசி எண்ணைக் கடிதம் கொடுத்த அன்றே வாங்கி வைத்திருப்பீர்கள். சென்னையில் என்றால் 1913.